கிராணியார் கொண்டுவந்த தோட்ட வரைபடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் பணியாற்றியபோது நேர்ந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணியார் (எழுத்தர்) ஒருவர், தகரக் குழாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு நாள் காலை வந்தார். அதிலிருந்து அவர் உருவி விரித்தது, துணியில் ஒட்டிய பழைய தோட்ட வரைபடம். அளவு, பழைய நில அளவை அலகான சங்கிலிக் கணக்கில் இருந்தது. பால்மரக் காடுகளுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மாரியம்மன் கோயிலை மட்டும் யாரோ பிற்பாடு பென்சிலால் குறித்திருந்தார்கள். "வைத்துக்கொள்ளுங்கள் தம்பி, எனக்குப் பிறகு வீட்டில் தூக்கிப் போட்டுவிடுவார்கள்" என்றார். எங்கள் சேகரிப்புக் கொள்கையில் நூல்களும் இதழ்களும் மட்டுமே இருந்ததால், மேலிடம் அதை ஏற்க மறுத்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதை என்னால் மறக்க இயலவில்லை.

வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் பாட்டாளிகள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் இதே ஊர்க்காரரும் அமைச்சருமான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டாடலுக்கு முன் ஒரு தோட்டம் முழுமையாக எப்படி இருந்தது என்பதற்கு இத்தகைய தாள்களை விட்டால் வேறு என்ன சான்று இருக்கிறது?

கொள்கையைத் திருத்தும் வாய்ப்பு, வருந்தத்தக்க இன்னொரு நிகழ்வால் கிடைத்தது. பழைய நிலவரைபடத் தாள்களிலிருந்து ஆறுகளையும் சாலைகளையும் கணினியில் வரைந்த மாணவர் ஒருவர் தம் கோப்புகளை ஷேப்ஃபைல் என்னும் நிலத்தரவு வடிவில், வட்டில் ஒப்படைத்திருந்தார். ஷேப்ஃபைல் என்பது ஒரே பெயரில் பல கோப்புகள் சேர்ந்தது. அவற்றுள் ஆள்கூற்று முறையை, அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறையைச் சொல்லும் பிஆர்ஜே (.prj) கோப்பு மட்டும் அந்த வட்டில் இல்லை. அந்தத் தாள்கள் பகாங் மாநிலத்தின் கெர்த்தாவை அளவைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட பழைய ஆள்கூற்று முறையில் அமைந்தவை. நாடு 2003-இல் ஜிடிஎம் 2000 (GDM2000) என்னும் புதிய முறைக்கு மாறியது. இதை அறியாமல் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தபோது, ஆற்றின் கோடு நூறு மீட்டருக்கும் மேலாக விலகிச் செம்பனைக் காட்டுக்குள் ஓடியது. மாணவரின் உழைப்பில் குறையில்லை. எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதிவைக்காத எங்கள்மீதுதான் குறை.

ஆகவே புதிய கொள்கையில், ஆள்கூற்று முறை, அளவு, வரைந்த ஆண்டு, மூலத்தாள் ஆகிய விவரங்கள் இல்லாத தரவை ஏற்பதில்லை என்று முதலில் எழுதினோம். ஒரே கோப்பாக இருக்கும் ஜியோபேக்கேஜ் என்னும் நிலத்தரவு வடிவையும், வருடிய (ஸ்கேன் செய்த) தாள்களுக்கு இட விவரத்தையும் தாங்கும் ஜியோடிஃப் பட வடிவையும் நீண்டகாலப் பாதுகாப்புக்கான வடிவங்களாகக் கொண்டோம். 'தெர்ஹாட்' (கட்டுப்படுத்தப்பட்டது) எனக் குறியிட்ட அரசுத் தாள்களை அனுமதியின்றி எவருக்கும் நகல் தருவதில்லை என்பதும் சேர்ந்தது. நாடு முழுவதற்குமான தரவை அரசின் நில அளவைத் துறை வைத்திருக்கிறது. அதைச் சேர்த்துக் குவிப்பதைவிட, நம் வட்டாரத் தோட்டங்களின் தாள்களை ஆழமாகச் சேர்ப்பதே சிறு நூலகத்தின் கடமை என்று நான் வாதிட்டேன், இன்றும் அப்படியே கருதுகிறேன்.

கொள்கை ஒப்புதலான வாரமே கிராணியார் வீட்டுக்குப் போனேன். குழாய் அலமாரிக்கு மேலேயே இருந்தது. வரைபடத்தை வருடி, இன்றும் நிற்கும் பாலத்தையும் சாலை வளைவுகளையும் பொருத்துப் புள்ளிகளாகக் கொண்டு இணைத்தோம். லயங்கள் இருந்த இடமெல்லாம் செம்பனை. பென்சிலால் குறித்த கோயில் மட்டும், படத்தில் தெரிந்த சிறு கூரையின்மேல் சரியாகப் போய் அமர்ந்தது.