ஃப்ளட்டர் புது ப்ராஜெக்ட்ல கூடவே வர்ற கோட் எல்லாத்தையும் தூக்கிடலாமா?

காசிமேடு_கோடர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா காசிமேட்டுல ஏலத்துல மீன் எடுத்து ராயபுரம், மிண்ட், பாரிஸ் பக்கம் ஹோட்டலுங்களுக்கு சப்ளை பண்றாரு. யாருக்கு எவ்ளோ வஞ்சிரம், எவ்ளோ சங்கரா, யார் பாக்கி வச்சிருக்காங்க எல்லாமே நோட்டுலதான், அதுவும் ஐஸ் தண்ணி பட்டு எழுத்து கலைஞ்சிடுது, அதனால அவருக்கு ஒரு ஆப் செஞ்சி குடுக்கலாம்னு ஃப்ளட்டர்ல (மொபைல் ஆப் செய்ற கூகுளோட டூல்) ப்ராஜெக்ட் ஆரம்பிச்சிருக்கேன். தடைக்காலம் ஜூன் 14-ஓட முடியுது, விசைப்படகு கடலுக்கு போனா ஆர்டர் குவியும், அதுக்குள்ள முதல் வெர்ஷன் அவர் போன்ல ஓடணும்.

ப்ராஜெக்ட் போட்டதுமே அந்த ப்ளஸ் பட்டன் அமுக்கினா நம்பர் ஏறுற கவுன்ட்டர் ஆப் வருது இல்ல, அதை அழிச்சிட்டு என் ஸ்க்ரீனை போட்டேன், உடனே டெஸ்ட் ஃபோல்டர்ல சிவப்பா எரர். அப்புறம் பாத்தா லினக்ஸ், மேக், விண்டோஸ்னு தேவையில்லாத ஃபோல்டர், எங்க பாத்தாலும் 'காம் எக்ஸாம்பிள்'னு ஒரு பேரு. இதுல எதை அழிக்கலாம், எதுல கை வைக்கக்கூடாது? தெரிஞ்சவங்க வரிசையா சொன்னா நல்லாருக்கும்.

வியாசை_டெவ்

டெஸ்ட் எரர் ஒண்ணும் பெருசு இல்ல ப்ரோ. அந்த விட்ஜெட் டெஸ்ட் ஃபைல் 'மைஆப்'னு ஒரு கிளாஸை தேடுது, திரையில 0 இருக்கா, ப்ளஸ் அமுக்கினா 1 ஆகுதான்னு பாக்குது, அவ்ளோதான். நீ கிளாஸ் பேரை மாத்திட்ட, கவுன்ட்டரையும் தூக்கிட்ட, அதான் கத்துது. ஆனா ஃபைலை அழிச்சிட்டு போயிடாத, உள்ள இருக்குறதை எடுத்துட்டு உன் முதல் ஸ்க்ரீன் திறக்குதா, 'இன்றைய ஆர்டர்'னு தலைப்பு தெரியுதான்னு ஒரே ஒரு டெஸ்ட் எழுதிடு. டெஸ்ட் ஃபோல்டர் காலியா இருந்தா அப்புறம் யாரும் எழுதவே மாட்டோம்.

பப்ஸ்பெக் ஃபைல்ல (ப்ராஜெக்ட் பேரு, பேக்கேஜ் பட்டியல் எல்லாம் இருக்குற ஃபைல்) 'எ நியூ ஃப்ளட்டர் ப்ராஜெக்ட்'னு இருக்குற வரியை மாத்து, ரீட்மீயும் அப்படியே. பப்ஸ்பெக்ல ஃபான்ட், அஸெட் பத்தி நீளமா கமெண்ட் இருக்கும், மீன் படம் எல்லாம் சேர்க்குற வரைக்கும் அதை விட்டு வை, ஏன்னா அந்த ஃபைல்ல ஒரு ஸ்பேஸ் தள்ளிப்போனாலும் ஏத்துக்காது, கமெண்ட்ல இருக்குற மாதிரியே போட்டா தப்பாது.

தண்டையார்பேட்டை_அண்ணன்

இன்னாத்துக்கு ஒண்ணொண்ணா அழிக்கிற தம்பி, ஒரு ஸ்க்ரீன்தானே எழுதிக்கீற? புதுசாவே போடு. க்ரியேட் கமாண்ட்லயே 'ஆர்க்' ஆப்ஷன்ல உன் பேரை குடுத்துடலாம், 'ப்ளாட்ஃபார்ம்ஸ்' ஆப்ஷன்ல ஆண்ட்ராய்டு மட்டும் குடு, 'எம்ப்டி'னு ஒரு ஆப்ஷன் கீது, அது போட்டா கவுன்ட்டரே வராது, கமெண்ட் கூட இல்லாத சின்ன மெயின் ஃபைல்தான் வரும். ப்ராஜெக்ட் பேரு மட்டும் பழசையே வை, இல்லாட்டி உன் இம்போர்ட் வரி எல்லாம் உடையும். அப்புறம் நீ எழுதின கோட் இருக்குற லிப் ஃபோல்டரை எடுத்து அங்க போட்டுக்கோ. ஐபோனுக்கு பின்னாடி வேணும்னா அதே ப்ராஜெக்ட்டுக்குள்ள நின்னு க்ரியேட் கமாண்டை திரும்ப குடுத்தா அந்த ஃபோல்டர் வந்துடும், அதனால இப்ப இல்லியேன்னு பயப்படாத.

பெரம்பூர்_பெண்

அண்ணன் சொன்ன வழிதான் சரி. ஆனா கவுன்ட்டர் கண்ணுக்கு தெரியுது, எப்படியும் எல்லாரும் அழிச்சிடுவாங்க. டெம்ப்ளேட்ல, அதாவது கூடவே வர்ற கோட்ல, சத்தமில்லாம உக்காந்திருக்குற மூணு விஷயம்தான் கடைசி நேரத்துல ஆளை கவுக்கும், தம்பி, அதை இப்பவே பாத்துடுங்க.

முதல்ல அந்த 'காம் எக்ஸாம்பிள்'. அந்த பேரோட ப்ளே ஸ்டோர் ஆப்பை ஏத்துக்காது. அதோட ஸ்டோர்ல போட்டதுக்கு அப்புறம் அப்ளிகேஷன் ஐடியை ('காம் எக்ஸாம்பிள்'னு ஆரம்பிக்குற அந்த பேரு) மாத்தவே முடியாது, மாத்தினா அது வேற ஆப், சித்தப்பா போன்ல பழசு தனியா புதுசு தனியா நிக்கும். ஃபயர்பேஸ் (கூகுளோட ஆன்லைன் டேட்டா சேவை) சேர்க்குறதா இருந்தா அதோட ஃபைலும் இந்த ஐடியோட பொருந்தணும், அதனால அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. கையால மாத்துறவங்களுக்கு ஒண்ணு: க்ரேடில் ஃபைல்ல (ஆண்ட்ராய்டு பில்ட் செட்டிங் இருக்குற ஃபைல்) அப்ளிகேஷன் ஐடி, நேம்ஸ்பேஸ்னு ரெண்டு வரி இருக்கும், ஸ்டோருக்கு கணக்கு அப்ளிகேஷன் ஐடி மட்டும்தான். நேம்ஸ்பேஸையும் மாத்தினா மெயின் ஆக்டிவிட்டி ஃபைலோட முதல் வரியில இருக்குற பேக்கேஜ் பேரையும் சேர்த்து மாத்தணும், இல்லன்னா பில்ட் நல்லா ஆகும், ஆப் திறந்ததும் மூடிக்கும். நம்ம ஆளுங்க டாட் இன் டொமைன் வச்சிருப்போம், அதை திருப்பிப் போடுறதால பேரு 'இன்'னு ஆரம்பிக்கும், ஆனா மெயின் ஆக்டிவிட்டி ஃபைல் எழுதியிருக்குற காட்லின் மொழியில அது ரிசர்வ் பண்ண சொல், கையால எழுதினா ரெண்டு பக்கமும் பேக்டிக் (` குறி) போட்டாதான் கம்பைல் ஆகும்.

அடுத்தது இன்டர்நெட் பர்மிஷன். டெம்ப்ளேட்ல டீபக், ப்ரொஃபைல் (நாம சோதிச்சுப் பாக்குற பில்டுங்க) ரெண்டுக்குமான மேனிஃபெஸ்ட்லதான் (ஆப்போட பர்மிஷன், பேரு எல்லாம் இருக்குற ஃபைல்) அது இருக்கு, மெயின் மேனிஃபெஸ்ட்ல கிடையாது. அதனால கேபிள் போட்டு ஓட்டுற வரைக்கும் சர்வர்ல இருந்து ஏல விலை எல்லாம் அழகா வரும், ரிலீஸ் ஏபிகே (போன்ல ஏத்துற கடைசி ஆப் ஃபைல்) போட்டு காசிமேட்டுல அவர் கையில குடுத்தா திரை காலியா நிக்கும். சில ப்ளகின் இந்த பர்மிஷனை தானா சேர்த்துடும், அதனால சிலருக்கு இந்த பிரச்சனையே வராது, அதை நம்பி இருக்காதீங்க, மெயின்ல ஒரு வரி நீங்களே போட்டுடுங்க. ஆப் பேரும் அதே மேனிஃபெஸ்ட்ல லேபிள்னு இருக்கும், அங்கயே தமிழ்ல மாத்திக்கலாம்.

மூணாவது, ரிலீஸ் பில்டுக்கும் டீபக் கீயாலதான் கையெழுத்து போடுது, பக்கத்துல 'டூ டூ'ன்னு (இன்னும் செய்யணும்னு) கமெண்ட்டும் இருக்கும். சொந்த கீ செஞ்சிடுங்க. அந்த கீ ஃபைல், கீ பாஸ்வேர்ட் ஃபைல் ரெண்டும் கிட்ல (கோட்ல செய்ற ஒவ்வொரு மாத்தத்தையும் சேமிச்சு வைக்கிற டூல்) ஏறாதபடி டெம்ப்ளேட்டோட கிட் இக்னோர் பாத்துக்குது, அதனால இக்னோர் ஃபைலை மட்டும் 'குப்பை'ன்னு நினைச்சு அழிக்கவே கூடாது.

காசிமேடு_கோடர்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. புதுசாவே போட்டேன், 'ஆர்க்' குடுத்ததுல பேரு எல்லா இடத்துலயும் சரியா வந்துடுச்சி, டெஸ்ட்டும் எழுதிட்டேன் ப்ரோ, பச்சை. ஒரே டவுட், புள்ளி வச்சு மெட்டாடேட்டான்னு ஒரு ஃபைல், அப்புறம் பப்ஸ்பெக் லாக், அனாலிசிஸ் ஆப்ஷன்ஸ் எல்லாம் இருக்கே, அதை தூக்கலாமா?

பெரம்பூர்_பெண்

மூணையும் விட்டுடுங்க. மெட்டாடேட்டா ஃப்ளட்டர் தனக்காக வச்சிக்கிற ஃபைல், கையால திருத்தாதீங்கன்னு அதுக்குள்ளயே எழுதியிருக்கும், ஆனா கிட்ல ஏத்தணும். லாக் ஃபைலும் ஆப்னா ஏத்தணும், அப்பதான் வேற மெஷின்ல எடுத்தாலும் அதே வெர்ஷன் பேக்கேஜ் வரும். அனாலிசிஸ் ஃபைல்ல லின்ட் ரூல் (கோட்ல தப்பான பழக்கத்தை காட்டுற விதி) இருக்கு, மஞ்சள் கோடு நிறைய வருதுன்னு அதை எடுத்துடாதீங்க.

வியாசை_டெவ்

ப்ரோ, கோட்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி டெம்ப்ளேட்டை அப்படியே முதல் கமிட்டா (கிட்ல ஒரு சேமிப்பு) போடு, சுத்தம் பண்ணதை ரெண்டாவது கமிட்டா தனியா போடு. ஏதாவது உடைஞ்சா ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கலாம். ரிலீஸ் ஏபிகேவை இந்த வாரமே சித்தப்பா போன்ல ஒருதடவை ஏத்திப் பாரு, ஸ்க்ரீன் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் பரவால்ல.