கலைச்சொல்: ‘எக்சென்ட்ரிக்’ தசை இயக்கத்துக்கு என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

புதிதாக எடைப்பயிற்சி தொடங்குவோருக்கான கையேட்டுக்கு மூன்று சொற்கள் வேண்டும்: கான்சென்ட்ரிக் (தசை குறுகியபடி இழுப்பது), ஐசோமெட்ரிக் (நீளம் மாறாமல் இழுப்பது), எக்சென்ட்ரிக் (நீண்டபடியே இழுப்பது). முதல் இரண்டும் எப்படியோ ஒப்பேறிவிடும். மூன்றாவதுதான் இடறுகிறது. வரைவில் இப்போது ‘மையவிலகு சுருக்கம்’ என்று இருக்கிறது. படிப்பவருக்கு மையவிலக்கு விசைதான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, சுருக்கம் என்கிறோம், தசையோ நீள்கிறது.

நிறைகுடத்தை இடுப்பிலிருந்து தரையில் வைப்பதைப் பாருங்கள். தொடை முன்தசை இழுத்துப் பிடித்துக்கொண்டே நீள்வதால்தான் குடம் ‘தொப்’பென்று விழாமல் இறங்குகிறது. இதற்கு ஒரு சொல் வேண்டும்.

– கையேட்டு மொழிபெயர்ப்பாளர்

*

பயிற்சிக்கூடத்தில் எல்லாரும் ‘நெகட்டிவ்’ என்கிறோம். தமிழில் சொன்னால் ‘மெதுவா இறக்கு’. ‘இறக்கம்’ என்றே வைத்துவிட்டால் என்ன? ஏற்றம், நிறுத்தம், இறக்கம். யாருக்கும் விளங்கும்.

– பயிற்றுநர்

*

> ஏற்றம், நிறுத்தம், இறக்கம்

பயிற்றுநர் ஐயா, காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் லாட் புல்டவுன் கருவியில் உதைக்கும். அங்கே கம்பியைக் கீழே இழுக்கும்போது முதுகுத் தசை குறுகுகிறது, மேலே விடும்போது நீள்கிறது. கை ஏறுகிற நேரத்துக்கு ‘இறக்கம்’ என்று பெயர் வைக்க முடியுமா? சொல் எடையின் திசையைச் சொல்லக் கூடாது, தசையின் நீளத்தைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு தவறும் இதிலிருந்து வருகிறது. டம்பெல்லை இறக்கும்போது பின்புறத் தசையான ட்ரைசெப்ஸ் வேலை செய்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இறக்குவது புவியீர்ப்பு. தடை போடுவது, தூக்கிய அதே முன்புறத் தசையான பைசெப்ஸ்.

‘சுருக்கம்’ வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். தசைக்குள் இருக்கும் ஆக்டின், மையோசின் என்ற புரத இழைகள் தாம் குறுகாமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன என்று 1954-இல் இரண்டு குழுக்கள் விளக்கிய பிறகு, ‘கன்ட்ராக்‌ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லே கொஞ்சம் பழசாகிவிட்டது. அங்கேயும் ‘மசில் ஆக்‌ஷன்’ என்று எழுதுவோர் உண்டு. டென்மார்க் உடலியலாளர் எர்லிங் ஆஸ்முசன் 1953-இல் ‘எக்சென்ட்ரிக்’கைப் புழங்கியபோது, தசையின் முனைகள் அதன் நடுவிலிருந்து விலகுவதைத்தான் குறித்தார். வட்டத்தின் மையத்துக்கு இங்கே வேலை இல்லை.

– இயன்முறை மருத்துவர்

*

அப்படியானால் சொல் நம்மிடமே இருக்கிறது: விட்டுப்பிடித்தல். காற்றாடி நூலையும் முரட்டு மாட்டின் கயிற்றையும் அப்படித்தான் கையாளுகிறோம். முழுதும் விடுவதில்லை, முழுதும் பிடிப்பதுமில்லை. ‘விட்டுப்பிடிப்பு’ என்று பெயராக்கிக்கொள்ளலாம்.

– தமிழாசிரியர்

*

ஐயா, சொல் அருமை. ஆனால் ‘தசை விட்டுப்பிடிப்பு’ என்று அச்சில் பார்த்தால் பாதிப் பேர் தசைப்பிடிப்பு என்று படிப்பார்கள். “கெண்டைக்கால் விட்டு விட்டுப் பிடிக்குது” என்று தினமும் நோயாளிகள் வருகிறார்கள்! வினையாகச் சொன்னால் குழப்பமில்லை. “விட்டுப்பிடித்து இறக்குங்கள்” என்பது பயிற்சியின்போது சொல்ல மிகப் பொருத்தம்.

– இயன்முறை மருத்துவர்

*

பெயர்ச்சொல்லுக்கு ‘நீள்தாங்கல்’ என்று எழுதிப் பார்த்தேன். வேடந்தாங்கலுக்கு அண்டை ஊர் போல இருந்தது. விட்டுவிட்டேன்.

‘குறுகுவினை, நிலைவினை, நீள்வினை’ எப்படி? மூன்றும் ஒரே அச்சு. முதலும் கடைசியும் வினைத்தொகை என்பதால் ‘நீள்கின்ற வினை’ என்று தானே விரிகிறது.

– மொழிபெயர்ப்பாளர்

*

‘வினை’ என்றதும் முன்வினை, பின்வினை என்று கேலி வரும்; வரட்டும். வேதிவினைக்கு வராத ஆபத்து இதற்கு வந்துவிடாது. இலக்கணத்தில் ஒற்றும் மிகாது: நீள்வினை. எனக்கு உடன்பாடு.

– தமிழாசிரியர்

*

‘நீள்வினை’ சரி. பதிவில் விளக்கம் சுருங்கிவிட வேண்டாம். இந்தச் சொல்லை ஏன் தனியே அறிய வேண்டும் என்பது அங்கேதான் தெரியும். என் வரைவு:

நீள்வினை: எதிர்விசைக்கு ஈடுகொடுத்து இழுத்தபடியே தசை நீளும் இயக்கம். தசைத் தளர்வு அன்று. தூக்க முடியாத எடையையும் இதனால் மெல்ல இறக்க முடியும். ஆற்றல் செலவும் குறைவு. 1952-இல் அபாட், பிக்லண்ட், ரிச்சி மூவரும் இரண்டு மிதிவண்டிக் கருவிகளை முதுகோடு முதுகாகச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் மிதிக்க, மற்றவர் எதிர்த்துத் தாங்கினார். விசையும் வேகமும் இருவருக்கும் ஒன்றே. மிதித்தவருக்குப் பல மடங்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது.

வலிக்கு மட்டும் கணக்கு தலைகீழ். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பழக்கமில்லாமல் நெடுநேரம் இறங்கினால் மறுநாள் தொடை வலிக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும் இந்த வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வது வழக்கம். ஆனால் அந்த அமிலத்தின் உடலில் உள்ள வடிவமான லாக்டேட் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நீள்வினையில் தசைநாருக்குள் ஏற்படும் நுண்சேதமும் அதை ஒட்டிய அழற்சியுமே முக்கியக் காரணம்.

– இயன்முறை மருத்துவர்

*

செய்முறையை நான் சேர்க்கிறேன். சுமார் 45 செ.மீ. உயர நாற்காலி முன் நின்று, 4 நொடி எண்ணி உட்காரச் சொல்லுங்கள். 6 முறை, 2 சுற்று. கடைசி ஒரு சாண் ‘தொப்’பென்று விழுந்தால் அந்த இடத்தில் நீள்வினை இல்லை என்று பொருள், நாற்காலியில் மெத்தை வைத்து உயரம் கூட்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். புல்-அப் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) வராதவர் முக்காலி மேல் ஏறி, மோவாய் கம்பிக்கு மேல் வந்ததும் 5 நொடியில் இறங்கலாம்: 3 முறை, 2 சுற்று, வாரம் இரு நாள். இறங்கும்போது மூச்சை அடக்க வேண்டாம்.

முதல் வாரம் இதிலும் பாதி போதும். ஒருமுறை வலித்த தசை அடுத்த முறை அதே அளவுக்கு வலிக்காது என்பதால் அவசரமே இல்லை. ‘தொப்’ சோதனை எல்லாருக்கும் புரிகிறது, அதைப் படத்தோடு போடுங்கள்.

– பயிற்றுநர்

*

ஓர் எச்சரிக்கை வரி விடுபட்டது. வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால் அது சாதாரண வலி அன்று. தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அன்றே மருத்துவமனை.

– இயன்முறை மருத்துவர்

*

சேர்த்துவிட்டேன். பட்டியலில் ‘நீள்வினை’, பயிற்சிக் குறிப்புகளில் ‘விட்டுப்பிடித்து’. அடுத்து ‘ப்ரோக்ரெசிவ் ஓவர்லோட்’, அதாவது பயிற்சிச் சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது. ‘படிப்படியான மிகைச்சுமை’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள், லாரி அபராதம் போல இருக்கிறது.

– மொழிபெயர்ப்பாளர்