ஒருங்கிணைப்பா, ஒருவிசைப்படுத்தலா? ஒரு கலைச்சொல் விவாதம்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான ஐரோப்பிய வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜி ஆட்சி பற்றிய அத்தியாயம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரு ஜெர்மன் சொல்லைத் தாண்ட முடியாமல் மூன்று நாளாக நிற்கிறேன்: கிளைக்ஷால்டுங். 'கிளைக்' என்றால் ஒரே, சமமான. 'ஷால்டுங்' என்றால் சுவிட்ச் போட்டு இணைப்பது. மின்துறையிலிருந்து அரசியலுக்கு வந்த சொல்.

1933 மார்ச் 31 அன்று வந்த சட்டத்தின் பெயரிலேயே இது இருக்கிறது. மாநிலச் சட்டமன்றங்களை, அந்த மாதம் 5ஆம் தேதி நடந்த நாடாளுமன்றத் தேர்தலின் வாக்கு விகிதப்படி, கம்யூனிஸ்டுகளை விட்டுவிட்டு மாற்றியமைத்த சட்டம். ஒரே வாரத்தில் இரண்டாவது சட்டம் வந்து மாநிலங்களுக்கு மேல் ஆளுநர்களை உட்காரவைத்தது. மே 2இல் தொழிற்சங்க அலுவலகங்கள் பறிபோயின. ஜூலை 14இல் நாஜிக் கட்சியைத் தவிர வேறு கட்சியே கூடாது என்றாகிவிட்டது. இத்தனையையும் சேர்த்து அந்த ஒரு சொல்லால்தான் குறிக்கிறார்கள்.

இப்போதைக்கு 'ஒருங்கிணைப்பு' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. உதவுங்கள்.

வரலாற்று ஆசிரியை, திங்கள் மாலை

தயவுசெய்து 'ஒருங்கிணைப்பு' வேண்டாம். போன வருடம் அதே சொல்லை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். முன் பெஞ்சு மாணவி ஒருத்தி குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டு, "ஒருங்கிணைப்பு நல்லதுதானே மேடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. விழா ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு என்று நல்ல இடங்களில் மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவள்.

இன்னொன்றும் பாருங்கள். இது மேலிருந்து வந்த சட்டத்தோடு நிற்கவில்லை. ஊர்ப் பாட்டுக் குழுக்களும் உடற்பயிற்சிச் சங்கங்களும் தாங்களே கூட்டம் போட்டு, விதிகளைத் திருத்தி, யூத உறுப்பினர்களை வெளியேற்றி, தலைவர் சொல்வதே முடிவு என்று எழுதிக்கொண்டன. அதற்கே 'தனக்குத்தானே கிளைக்ஷால்டுங்' என்று தனிச்சொல் இருக்கிறது. வருடக்கணக்காகப் பக்கத்தில் நின்று பாடியவரை, கைதூக்கி வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். நாம் ஆக்கும் சொல் இதற்கும் இடம் கொடுக்கவேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

அன்புடையீர், முதலில் இது எவ்வகை வழக்கு என்று பார்ப்போம். நேர்ச்சொல்லை விட்டுத் தகுந்த வேறு சொல்லால் குறிப்பது தகுதிவழக்கு. அது மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. செருமானியச் சொல் மங்கலத்தின் உடையை உடுத்திய குழூஉக்குறி. பொன்னுக்குப் 'பறி' என்று பெயரிட்டவர்கள்கூட உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்!

என் பரிந்துரை 'ஓர்நிரைப்படுத்தல்'. நிரை என்றால் வரிசை. அசையிலும் நேர், நிரை என்றே பயில்கிறோம். பழைய வழக்கில் நிரை என்பது ஆநிரையும்கூட, பசுக்கூட்டம். நிரை கவர்வதுதான் வெட்சித் திணை; போர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மக்களை மந்தையாக வரிசைப்படுத்துவதும் அடுத்து வரும் போரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

வரைவில் 'சர்வாதிகாரம்' என்று கண்டேன். நம்மிடம் 'கொடுங்கோன்மை' இருக்க அது எதற்கு?

வரலாற்று ஆசிரியை, செவ்வாய் மதியம்

ஐயா, நிரைக்கு நீங்கள் சொன்ன விளக்கம் அழகு. ஆனால் அந்த விளக்கத்தோடு நீங்களே வகுப்புக்கு வந்தால்தான் சொல் புரியும். அப்புறம், 'ஓர்' உயிருக்கு முன்னால்தானே வரும்? 'ஒருநிரை' என்றல்லவா இருக்கவேண்டும்?

கொடுங்கோன்மையை நான் ஏற்கமாட்டேன். அது நேராக இருந்த கோல் வளைவதைச் சொல்கிறது. இங்கே கோலையே சட்டம் போட்டு வாங்கிக்கொண்டார்கள். 1933 மார்ச் 23 அன்று குரோல் ஓபரா அரங்கில் நாடாளுமன்றம் கூடியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள். நாஜிக் கட்சிப் படையான பழுப்புச் சட்டைக்காரர்கள் அரங்கை அடைத்து நின்றார்கள். நாடாளுமன்றம் இல்லாமலே அரசு சட்டம் இயற்றலாம் என்ற மசோதாவுக்கு ஆதரவாக 444 வாக்குகள், எதிராக 94. அந்த 94ம் சமூக ஜனநாயகக் கட்சியினருடையவை. சர்வாதிகாரம் வடசொல்லாகவே இருக்கட்டும், மாணவருக்குப் புரிகிறது.

யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் ஆசிரியர், செவ்வாய் இரவு

வணக்கம். சொல் மின்சுற்றிலிருந்து வந்தது என்றால் அங்கேயே தேடுவோமே. எங்கட பாடநூல்களில் சுவிட்சுக்கு 'ஆளி' என்றுதான் பல காலமாக இருக்கிறது. எல்லா விளக்கும் ஒரே ஆளியில்: 'ஓராளிப்படுத்தல்'. ஆளுதல் என்ற பொருளும் உள்ளே ஒலிக்கிறது. ஒரே ஆள், ஒரே ஆளி.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் அதிகாலை

தம்பி, இரவெல்லாம் தூக்கமில்லை. சங்கப் பாட்டில் ஆளி என்பது யானையையே அடித்துக் கொல்லும் விலங்கு! கோயில் தூண்களில் நாம் காணும் யாளி அதுதான். அடக்கியாளும் விலங்கும், ஆள்பவனும், மின்பொறியும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. 'ஆள்' வேரிலிருந்தே விலங்கின் பெயரும் வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம். யானை, யாளி, யாடு என்று யகரம் பெறும் விலங்குப் பெயர்களைத் தனியாக ஆராய்ந்து நாளை எழுதுகிறேன். என் நிரையைத் திரும்பப் பெறுகிறேன்.

மின்பொறியாளர், புதன் காலை

ஐயா, இங்கே தமிழ்நாட்டில் ஆளி என்றதும் ஆளிவிதைதான் ஞாபகத்துக்கு வரும். யாழ்ப்பாணத்து நண்பர் கோபிக்கக் கூடாது, சொல்லில் குறை இல்லை, பழக்கம்தான் இல்லை.

நம்மிடம் 'விசை' இருக்கிறது. சுவிட்சும் விசைதான், அழுத்தும் சக்தியும் விசைதான். விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. 'ஒருவிசைப்படுத்தல்' எப்படி? நான் வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் மாடி முழுவதற்கும் ஒரே விசை வைத்திருந்தார்கள். மூலையில் உட்கார்ந்து படிப்பவர் தன் விளக்கை மட்டும் அணைக்கவோ போடவோ முடியாது. எல்லாம் எரியும், இல்லையென்றால் எல்லாம் அணையும். இந்தச் சொல்லைக் கேட்டதும் அதுதான் கண்ணில் வந்தது.

மொழிபெயர்ப்பாளர், புதன் மாலை

பொறியாளர் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது. டிரெஸ்டனில் இருந்த மொழியறிஞர் விக்டர் கிளெம்பரர், யூதர் என்பதால் 1935இல் பேராசிரியர் வேலையை இழந்தவர், நாஜிகளின் பேச்சைக் குறித்துவைத்துக்கொண்டே வந்தார். மனிதர்களை இயந்திரமாக எண்ணும் பேச்சுக்கு இந்தச் சொல்லைத்தான் அவர் எடுத்துக்காட்டினார். எனவே விசை உள்ளே இருந்தே ஆகவேண்டும்.

அதே அத்தியாயத்தில் இன்னும் இரண்டு சொற்கள் காத்திருக்கின்றன. ஒன்று, 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கியதற்கு வைத்த பெயர்: ஆன்ஷ்லுஸ். அடுத்த ரயிலைப் பிடிப்பதற்கும் தொலைபேசி இணைப்புக்கும் ஜெர்மானியர் சொல்லும் அன்றாடச் சொல். மற்றொன்று லேபென்ஸ்ரவும், வாழ்வதற்கான இடம். ராட்சல் என்ற புவியியலாளர் உயிரினங்களின் வாழிடத்தை வைத்து எழுதிய சொல். பதவியேற்று நான்கே நாளில், 1933 பிப்ரவரி 3 அன்று, ஹிட்லர் படைத்தளபதிகளிடம் கிழக்கே நிலம் பிடிப்பதைப் பேசிவிட்டார். 'இணைப்பு', 'வாழ்வெளி' என்று போடலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், புதன் இரவு

இங்கே நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தொல்காப்பியர் வஞ்சித் திணைக்கு இலக்கணம் சொல்லும்போது 'எஞ்சா மண்நசை' என்றார். தீராத மண்ணாசை. பிறர் நாட்டின்மேல் படையெடுப்பதற்கு இதைவிட நேரான சொல் வேறு எந்த மொழியில் இருக்கிறது? 'வாழ்வெளி' என்று எழுதினால் கொள்ளைக்காரன் தன் மூட்டைக்கு ஒட்டிய சீட்டை நாம் படியெடுப்பதாகும். 'மண்நசை' என்றே போடுங்கள்.

வரலாற்று ஆசிரியை, வியாழன் காலை

ஐயா, உங்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தச் சீட்டைத்தான் மாணவர்கள் பார்க்கவேண்டும். ஆஸ்திரியா இணைப்பு பற்றிய 1938 ஏப்ரல் 10 வாக்கெடுப்பின் சீட்டைப் பாடத்தில் காட்டுவேன். நடுவில் 'ஆம்' என்பதற்குப் பெரிய வட்டம், ஓரத்தில் 'இல்லை' என்பதற்குச் சின்ன வட்டம். படை உள்ளே வந்து நான்கு வாரம் ஆகியிருந்தது, யூதர்களுக்கு வாக்குரிமை இல்லை. 99 விழுக்காட்டுக்கு மேல் 'ஆம்'. அந்தச் சீட்டில் 'விழுங்கல்' என்று எழுதியிருக்கவில்லை. அவர்கள் சொன்னது 'இணைப்பு', 'வாழ்வெளி'. நடந்ததை விளக்கும்போது 'மண்நசை' என்று நம் வாயால் சொல்வோம். மேற்கோள் குறிக்குள் அவர்கள் வாய்ச்சொல், வெளியே நம் சொல். இரண்டையும் கலந்துவிட்டால், மக்கள் எப்படி ஏமாந்தார்கள் என்று கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியாது.

யாழ்ப்பாணத்துப் பௌதிகவியல் ஆசிரியர், வியாழன் மதியம்

அக்கா சொல்வது சரி. ஆளியை விட்டுவிடுகிறேன். ஆனால் எங்கட பக்கம் இந்த நூலைப் படிக்கிற பிள்ளைக்கு 'விசை' என்றால் பௌதிகவியல் பாடத்து விசைதான், சுவிட்ச் அல்ல. அடிக்குறிப்பு ஒன்று தேவை.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

பதிப்பகத்திலிருந்து இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டார்கள். இதுவரை எழுதியவர்களில் என்னையும் சேர்த்து நான்கு பேர் 'ஒருவிசைப்படுத்தல்' என்கிறார்கள். ஐயா ஒருவர் 'ஓராளிப்படுத்தல்'. அடிக்குறிப்பில் ஆளியும் வரும். சங்கங்கள் தாமே செய்துகொண்டதற்கு 'தன் ஒருவிசைப்படுத்தல்', மற்ற இரண்டும் மேற்கோள் குறிக்குள் 'இணைப்பு', 'வாழ்வெளி'. 'மண்நசை' அத்தியாயத்தின் கடைசிப் பகுதிக்குத் தலைப்பாகிறது. மெய்ப்பு நாளைக் காலை பத்து மணிக்குப் போகும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வெள்ளி அதிகாலை

தலைப்புக்கு நன்றி அம்மா. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. விசை ஒருவன் கையில் இருக்கிறது என்பது 'ஒருவிசை'யில் எங்கே தெரிகிறது? ஆளியில் ஆள் இருந்தான். இரண்டாம் பதிப்பு வந்தால் மறுபடி எழுதுவேன். யகர விலங்குப் பெயர்கள் பற்றிய கட்டுரையைத் தனி மடலில் இணைத்திருக்கிறேன்.