கம்பானியனும் பார்ட்னரும்: ஒரே சொல்லில் அடக்க வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடி நாம் செய்யும் முதியோர் பராமரிப்புச் சொற்றொகுதியில் கம்பானியன் (companion), பார்ட்னர் (partner) இரண்டுக்கும் 'துணைவர்' என்று ஒரே சொல்லைப் போடலாம் என்ற கருத்துக்கு இங்கே ஆதரவு கூடிக்கொண்டு போகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்தச் சொற்கள் அகராதியோடு நின்றுவிடப் போவதில்லை. படிவமாகவும் ஒப்பந்தமாகவும் வீடுகளுக்குள் போகும், வயதானவர்கள் அவற்றில் கையெழுத்து வைப்பார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் இன்றைக்குப் பல வீடுகளின் நிலை உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். நல்லூரிலோ கரவெட்டியிலோ பெரிய கல்வீட்டில் அம்மா தனியே இருக்கிறா. பொழுதுபட ஒரு பெண் வந்து அவவோடு இரவில் தங்குவா. கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "அம்மாவுக்குத் துணைக்கு ஒரு அக்கா வந்து படுக்கிறா." மருந்து கொடுப்பது, சமைப்பது அவருடைய முதல் வேலை அல்ல, தேவைப்பட்டால் செய்வார். பேச்சுக்கு ஆள், கோயிலுக்குக் கூடப் போக ஆள், இரவில் ஏதும் நடந்தால் அயலைக் கூப்பிட ஆள். ஆங்கிலத்தில் முதியோர் பராமரிப்புத் துறையினர் கம்பானியன் என்று சொல்வது இவரைத்தான். தாதியும் வேறு, வீட்டு வேலைக்கு வருபவரும் வேறு என்று அவர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சிலும் அந்தப் பிரிப்பு ஏற்கெனவே இருக்கிறது.

அதே வீட்டில் பார்ட்னரும் வரலாம். இறந்துபோன ஐயா டவுனில் ஒருவரோடு சேர்ந்து கடை நடத்தியிருப்பார். "கடையில அவருக்கும் பங்கு" என்பார்கள். அவரை யாரும் துணை என்று சொல்வதில்லை.

இரண்டுக்கும் துணைவர் என்று போட்டால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். மனைவியை இழந்த ஒரு முதியவரின் வீட்டில் ஒரு பெண் சம்பளத்துக்குத் துணைக்கு இருக்கிறார். ஒப்பந்தத்தில் 'துணைவர்' என்று அச்சாகி வருகிறது. நம் ஊரில் அதைப் படிக்கிறவர் மனைவி என்றுதான் எடுப்பார். ஊர்வாய் ஒரு பக்கம், சட்டம் இன்னொரு பக்கம். 1706–07 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்து 1806 இல் ஆங்கிலேயர் சட்டமாக ஏற்ற தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துக்குப் பொருந்துகிறது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் என்று அது சொத்தை வகைப்படுத்துகிறது. தேடியதேட்டத்தில், அதாவது மணவாழ்வின்போது தேடிய சொத்தில், ஒருவர் இறந்தால் மற்றவருக்குச் சட்டப்படி உரிமை வரும். துணைக்கு இருந்த பெண்ணுக்கு அப்படி ஒரு உரிமையும் இல்லை. அவருக்கு உரியது பேசிய சம்பளமும் மரியாதையும். அவரையும் அந்தக் குடும்பத்தையும் ஒரு சொல்லால் சங்கடத்தில் மாட்டிவிடக்கூடாது.

பார்ட்னர் பக்கம் வருவோம். வணிகத்தில் பார்ட்னர் என்றால் இலாபத்தில் மட்டும் பங்கு இல்லை, நட்டத்திலும் கடனிலும் பங்கு. இங்கிலாந்தின் 1890 ஆம் ஆண்டுப் பங்குடைமை (கூட்டு வணிக)ச் சட்டத்தைத்தான் இலங்கையிலும் பின்பற்றுகிறார்கள். சாதாரணப் பங்குடைமையில் நிறுவனம் பட்ட கடனுக்கு ஒவ்வொருவரும் தன் சொந்தச் சொத்தாலும் பொறுப்பு. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்று 1840 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று சொல்கிறது. துணைக்குப் படுக்க வரும் அக்காவிடம் யாராவது இந்தக் கணக்கைக் கேட்பார்களா? அவர் நாளைக்கு வராவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும். பங்காளர் விலகினால் கணக்குத் தீர்க்கவேண்டும்.

இரண்டு ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் இந்த வேறுபாட்டையே காட்டுகிறது. கம்பானியன் என்பதன் லத்தீன் வேர், சேர்ந்து பாண் உண்பவர் என்ற பொருளுடையது. 'பாணிஸ்' என்றால் பாண். நாம் பாண் என்கிறோமே, அதுவும் போர்த்துக்கேயர் வழியாக அதே லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். தமிழ்நாட்டு நண்பர்கள் ரொட்டி, பிரெட் என்பதால் இந்த உறவு அவர்களுக்கு உடனே தெரியாது. யாழ்ப்பாணத்தில் காலையில் பேக்கரியில் வாங்கும் பாணுக்கும் கம்பானியனுக்கும் ஒரே அடி. கொம்பனியும் அங்கிருந்துதான் வந்தது, ஆகவே கம்பானியனிலும் வணிக வாடை உண்டு என்று சென்னையிலிருந்து எழுதும் அம்மையார் சொன்னது உண்மை. ஆனால் அந்த வாடை கொம்பனியோடு போய்விட்டது. இன்றைய கம்பானியனில் மிச்சம் இருப்பது கூட இருந்து உண்ணும் பொருள்தான்.

பார்ட்னரின் பழைய வடிவம் 'பார்சனர்'. கூட்டாகச் சொத்துரிமை பெற்ற வாரிசு என்று பொருள். இதை அறிந்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனென்றால் தமிழ்நாட்டில் பங்காளி என்றால் இதேதான்: பாட்டன் சொத்தில் பங்குள்ள தகப்பன் வழி உறவினர். இலங்கையில் பங்காளி, பங்காளர் என்றால் தொழிலில் பங்குள்ளவர், பங்குடைமை என்றால் அந்த வணிக அமைப்பு. வணிகக் கல்விப் பாடத்தில் படித்த எல்லோருக்கும் இந்தச் சொற்கள் பழக்கம். ஆங்கிலச் சொல் வாரிசிலிருந்து வணிகத்துக்கு வந்த வழியின் தொடக்கத்தைத் தமிழ்நாடும் முடிவை இலங்கையும் வைத்திருக்கின்றன. பங்காளி என்றால் அங்கே உறவுச் சண்டைதான் முதலில் நினைவுக்கு வரும் என்பதால், ரகர ஈற்றோடு 'பங்காளர்' என்று வைப்பது இரு கரைக்கும் பாதுகாப்பு.

பார்ட்னருக்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இருக்கும் 'கூட்டாளி' நமக்கு உதவாது. யாழ்ப்பாணத்தில் கூட்டாளி என்றால் சிநேகிதன். "அவன் என்ர கூட்டாளி" என்பது பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூடித் திரிந்தவனைப் பற்றிய பேச்சு. படிவத்தில் 'உங்கள் கூட்டாளியின் பெயர்' என்று கேட்டால் எண்பது வயது ஐயா தன்னோடு பந்து விளையாடியவரின் பெயரை எழுதுவார். அவர் எழுதுவது சரிதான், கேட்டவர்தான் பிழையாகக் கேட்டிருக்கிறார்.

துணை என்ற சொல் ஒருவரைத் தாழ்த்திவிடும் என்று மட்டக்களப்பிலிருந்து எழுதிய ஆசிரியர் கவலைப்பட்டார். துணை அதிபர், துணை ஆசிரியர் என்று பதவிப்பெயர்களில் பார்ப்பதால் வரும் கவலை அது. தமிழில் துணைக்கு அந்தத் தாழ்வு பிறவிக்குணம் அல்ல. திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அங்கே துணையாக வருபவர் மன்னனைவிட அறிவில் மூத்தவர். வானியலிலும் பாருங்கள். சிரியஸ் விண்மீனுக்கு மங்கலான ஒரு துணை விண்மீன் உண்டு, 1862 இல் ஆல்வன் கிரகாம் கிளார்க் தொலைநோக்கியில் அதைக் கண்டார். அளவில் கிட்டத்தட்ட நம் பூமியைப் போன்றது, நிறையிலோ சூரியனுக்கு நிகரானது. அதைத் துணை என்று சொல்லி யாரும் குறைக்கவில்லை.

தோழர் என்று வைக்கலாம் என்றும் ஒரு முன்மொழிவு வந்தது. இங்கே தோழர் என்றால் இடதுசாரிக் கட்சியும் இயக்கமும், தோழன் என்றால் கலியாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன். அகப்பாடல் மரபில் தலைவனின் நண்பனைக் குறிக்கும் பாங்கன் நல்ல சொல், ஆனால் கேட்பவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டி வரும். இரண்டையும் விட்டுவிடலாம்.

அப்போ கம்பானியனுக்கு எது? என் முதல் எண்ணம் 'துணையாள்'. சின்னச் சொல், பேச்சில் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் 'ஆள்' என்பதில் வேலைக்கு வைத்த ஆள் என்ற பழைய ஏவல் தொனி இன்னும் போகவில்லை. யாருடைய வேலையை மதிக்க வேண்டும் என்று இந்தச் சொற்றொகுதியைச் செய்கிறோமோ அவரையே அந்தச் சொல் குத்தும். ஆகையால் 'துணையிருப்பவர்' என்று முன்மொழிகிறேன். "துணைக்கு இருக்கிறவ" என்ற ஊர்ப்பேச்சுக்கு எழுத்துவடிவம் அது. அவருடைய பணிக்கு 'துணையிருப்பு' என்ற பெயரும் கூடவே கிடைக்கிறது. காத்திருப்பு போல நாக்குக்குப் பழகிய அமைப்பு. 'உடனிருப்பு' இருக்கிறதே என்று கேட்பீர்கள். உடனிருப்பவர் சும்மாவும் இருக்கலாம், ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்தில் இருப்பவரும் உடனிருப்பவர்தான். துணை என்றதும் தனிமைக்கோ பயத்துக்கோ எதிராக ஒருவர் நிற்பது தெரிகிறது.

சொல் நீளம் என்ற குறையை ஏற்கிறேன். ஆனால் மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் 1864 இலிருந்து தமிழில் மருத்துவம் கற்பித்துக் கலைச்சொற்களும் தொகுத்த ஊர் இது. அவரிடம் படித்தவர்கள் தமிழ் மட்டுமே தெரிந்த நோயாளிகளிடம்தான் போனார்கள். கட்டிலருகே விளங்கும் நீளச்சொல், விளங்காத குறுஞ்சொல்லைவிட எப்போதும் மேல் என்று நினைக்கிறேன்.

மற்றத் துறைகளில் கம்பானியன் என்பது ஆளைக் குறிக்காததால் பிரச்சினை குறைவு. கைக்கடிகாரத்தோடு இயங்குவது துணைச் செயலி, வீட்டில் கூட வாழும் நாய் துணை விலங்கு, பயிருக்கு உதவியாக நடுவது துணைப்பயிர். அதை ஊடுபயிரோடு குழப்பவேண்டாம், ஊடுபயிர் தன் விளைச்சலுக்காகவே நடப்படுவது. தாவரவியலில் கம்பானியன் செல் என்பதை நம் பாடநூல்கள் தோழமைக்கலம் என்றும் தமிழ்நாட்டார் துணைசெல் என்றும் எழுதுகிறார்கள். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கும் சொல், அதில் கைவைக்க வேண்டாம்.

மிஞ்சுவது வாழ்க்கையில் பார்ட்னராக இருப்பவர். கணவன், மனைவி என்று எழுதக்கூடிய இடத்தில் அப்படியே எழுதுவோம். பதிவுத் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களையும் சேர்த்துக் கேட்கவேண்டிய படிவத்தில் 'இணையர்' போடலாம். இரண்டு பேரும் சமமாகப் பிணைந்த நிலை இணை. துணையிருப்பவரோடு அது ஒருநாளும் குழம்பாது. 'வாழ்க்கைத்துணை' ஏற்கெனவே மணவாழ்வுக்கு உரியதாக இருப்பதால், துணை என்ற சொல்லைத் தனியே விட்டு எழுதக்கூடாது என்ற விதியையும் முன்னுரையில் சேர்க்கவேண்டும்.

ஒப்பந்தப் படிவத்துக்கு மாதிரி வரி ஒன்று எழுதிப் பார்த்தேன்: "துணையிருப்பவர் மாலை 6 மணி முதல் காலை 6 மணி வரை முதியவரோடு வீட்டில் தங்குவார். வீட்டுச் சொத்திலோ தொழிலிலோ அவர் பங்காளர் அல்லர்." இதை உங்கள் ஊரில் இப்படிப் பணி செய்யும் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். மலையகத்திலும் மன்னாரிலும் வேறு சொல் வழக்கில் இருந்தால் அதையும் அறிய ஆவலாக இருக்கிறேன். தொகுதி அச்சுக்குப் போகுமுன் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.