வகுப்பில் மலையாளம் பேசினால் டீச்சர் திட்டுகிறார், என்ன செய்யலாம்?

களியக்காவிளை அப்பா:
மகள் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் அம்மாவோடு மலையாளம், என்னோடு தமிழ். கணக்கு புரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் மலையாளத்தில் கேட்டதற்கு டீச்சர் எழுப்பி நிற்க வைத்துவிட்டார். டைரியில் சிவப்பு மையில் ‘வீட்டிலும் இங்கிலீஷ் பேசவும்’ என்று வேறு. போய்ச் சண்டை போடவா?

மார்த்தாண்டம் டீச்சர்:
சண்டை வேண்டாம் அண்ணே, நேரில் பேசுங்கள். ‘பிள்ளைக்கு இங்கிலீஷ் வரலையே’ என்று பெற்றோரே எங்களிடம் வந்து நிற்கிறார்கள், அதையும் பாருங்கள். நான் பின்னம் நடத்தும்போது முதலில் அவரவர் பேச்சிலேயே பேச விடுவேன். மரச்சீனிக் கிழங்கை நாலாகப் பங்கு வைப்பதை ஒருத்தி மலையாளத்தில் சொல்வாள், ஒருவன் தமிழில் மறுப்பான், அப்புறம்தான் போர்டில் இங்கிலீஷ். சத்தம் கூடும், அவ்வளவுதான்.

விளவங்கோட்டுக்காரன்:
1956-இல் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களான நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதே ஆண்டு அரசியல் சட்டத்தில் சேர்த்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் தாய்மொழியில் படிக்க வசதி வேண்டும் என்கிறது. அது இருக்கட்டும், 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு பிள்ளையை மனதளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. நிற்க வைத்ததைப் பற்றி அதைச் சொல்லிக் கேளுங்கள்.

களியக்காவிளை அப்பா:
சரி, திங்கட்கிழமை போகிறேன். டைரியும் கையில் இருக்கும்.