பாராசிட்டமால் ரத்தத்துல இருக்கிற சிஸ்டீனைக் குறைச்சிடுமா?

தேயிலைமேடு (கோத்தகிரி):
பாராசிட்டமால் ரத்தத்துல இருக்கிற சிஸ்டீன்ங்கற அமினோ அமிலத்தோட ஒட்டிக்கிட்டு அதைக் காலி பண்ணிடும்னு படிச்சேன். குளிர் ஆரம்பிச்சா இங்க லயன் வீடுகள்ல காய்ச்சல், உடம்புவலின்னு 650 மாத்திரைதான். கூட சிஸ்டீன் மாத்திரையும் போடணுமா? முட்டை சாப்பிட்டா போதுமா?

உயிர்வேதி:
ஒட்டுறது நிஜம். ஆனா நடக்கிற இடம் ரத்தம் இல்லை, கல்லீரல். பாராசிட்டமால் நேரடியா சிஸ்டீனைத் தொடாது. போட்ட மாத்திரையில பெரும்பங்கு குளுக்குரோனைடு, சல்ஃபேட்ங்கற தீங்கில்லாத பொருள்களா மாறி சிறுநீர்ல போயிடும். 5 முதல் 10 சதவீதம் வரைதான் சைப் 2இ1 நொதி வழியா 'நாப்கி'ன்னு ஒரு விஷப்பொருளா மாறுது. எலக்ட்ரானுக்கு அலையிற பொருள் அது. சிஸ்டீன்ல இருக்கிற கந்தக முனையைக் கண்டா விடாது.

கல்லீரல் செல்லுக்குள்ள குளுட்டாதையோன் காவல் நிக்குது. குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின் மூணும் சேர்ந்தது அது. நாப்கியைப் பிடிக்கிறது அதுல உள்ள சிஸ்டீன்தான். அளவோட போட்டா, செலவாகிற குளுட்டாதையோனை கல்லீரல் திரும்பச் செஞ்சுக்கும். அளவு மீறினா சல்ஃபேட் வழி அடைச்சுக்கும், நாப்கி கூடும். குளுட்டாதையோன் 70 சதவீதம் அளவுக்குத் தீர்ந்ததும் நாப்கி செல்லோட சொந்தப் புரதத்துல உள்ள சிஸ்டீன்களைப் பிடிக்கும், செல் சாகும். உடைஞ்ச செல்லுல இருந்து நாப்கி ஒட்டின அந்தப் புரதம் ரத்தத்துக்கு வரும். நீங்க படிச்சது இந்தத் தடயத்தைப் பத்தியா இருக்கலாம்.

சாதாரண அளவுக்கு சிஸ்டீன் மாத்திரை வேண்டாம். முட்டை, பருப்பு, சோறுன்னு வயிறு நிறைஞ்சா போதும்.

மாத்திரைப்பட்டை:
வயிறு நிறையாததுதான் இங்க சிக்கல். காய்ச்சல்னு ரெண்டு நாள் வெறும் டீத்தண்ணியில ஓட்டினா குளுட்டாதையோன் ஏற்கெனவே இறங்கியிருக்கும். தினமும் குடிக்கிறவங்களுக்கு சைப் 2இ1 வேற கூடுதலா ஓடும். அவங்க நாளைக்கு 2 கிராமோட நிறுத்தணும். நல்ல உடம்புக்கு மேல்வரம்பு 4 கிராம்.

கூட்டிப் பாருங்க. 650 மில்லிகிராம் நாலு வேளை 2600. சளி மாத்திரையில பாராசிட்டமால் 500 இருந்தா, மூணு வேளைக்கு 1500. மொத்தம் 4100 மில்லிகிராம், 4 கிராமைத் தாண்டியாச்சு. மூட்டுவலிக்குத் தர்ற கூட்டு மாத்திரையிலயும் பெரும்பாலும் 325 இருக்கும். அட்டையைத் திருப்பி, பொடி எழுத்துல பாராசிட்டமால்னு இருக்கான்னு படிங்க. ரெண்டு வேளைக்கு நடுவுல ஆறு மணி நேரம் விட்டா நல்லது.

இரவுப்பணி:
யாராவது கணக்கில்லாம முழுங்கிட்டா "நல்லாத்தானே இருக்கான்"னு காத்திருக்காதீங்க. முதல் 24 மணி நேரம் குமட்டல், வாந்தி மட்டும் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் போகலாம். வலது விலா அடியில வலி எடுக்கும்போது கல்லீரல் கெட ஆரம்பிச்சிருக்கும். மாத்திரை அட்டை, முழுங்கின நேரம், உடல் எடை மூணையும் கையோட எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. ரத்தத்துல பாராசிட்டமால் அளவை, முழுங்கி நாலு மணி நேரம் கழிச்சு எடுத்தாத்தான் அர்த்தம். அதுக்காக வீட்டுலயே நாலு மணி நேரம் உட்காரக் கூடாது.

மாற்று மருந்து அசிட்டைல் சிஸ்டீன், உங்க கேள்வியில வந்த சிஸ்டீனோட ஒரு வடிவம்தான். முழுங்கின எட்டு மணி நேரத்துக்குள்ள நரம்பு வழியா ஏத்தினா கல்லீரல் பெரும்பாலும் தப்பிச்சுடும். வழக்கமான முறையில கிலோவுக்கு 150 மில்லிகிராம் முதல் ஒரு மணி நேரம், 50 அடுத்த 4 மணி நேரம், 100 அடுத்த 16 மணி நேரம். 60 கிலோ ஆளுக்கு 9, 3, 6 கிராம். முதல் பாட்டில்லதான் முகம் சிவந்து அரிக்கும், மூச்சு இரைக்கும். நிறுத்தி, அலர்ஜி ஊசி போட்டு, மெதுவாத் திரும்ப ஓட்டுவாங்க. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும். அதனால முதல்ல பக்கத்து ஆஸ்பத்திரி, அங்க மருந்து இருக்கான்னு போன்ல கேட்டுக்கிட்டே கிளம்புங்க.

தேயிலைமேடு:
சளி கரைய தண்ணியில பொங்கவிட்டுக் குடிக்கிற 600 மாத்திரையும் இதுதானா? அழுகின முட்டை நாத்தம் அடிக்குமே.

உயிர்வேதி:
அதேதான். அந்த நாத்தம் கந்தகத்தோடது. ஆனா அளவு மீறினவருக்கு வீட்டுல அதைக் கரைச்சுக் கொடுத்துட்டு உட்கார்ந்திடாதீங்க. 60 கிலோ ஆளுக்கு வாய்வழி முதல் வேளைக்கே 8.4 கிராம், அதாவது 14 மாத்திரை. வாந்தியில பாதி வெளிய வந்துடும்.