‘வோல்டேஜ் சேக்’: வேப் பேட்டரிக் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

செந்தூல், கோலாலம்பூர்

அன்பர்களுக்கு வணக்கம்.

வேப் (மின்சிகரெட்) கருவிகளின் பேட்டரிக் கோளாறுகளுக்குத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாராகிறது. ஒரு சொல்லில் வந்து நிற்கிறது. நம் ஊரில் பேட்டரிக்கு எது வந்தாலும் “கோங்” (கெட்டுப்போச்சு) ஆகிவிட்டது என்று முடித்துவிடுகிறோம். கடைக்காரரும் அதையே சொல்லிப் புதுசு ஒன்றை விற்றுவிடுகிறார். அந்த ஒரு “கோங்”குக்குள் மூன்று வேறு கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

முதலாவது, சார்ஜ் நிற்காமல் போவது. முன்பு ஒன்றரை மணி நேரம் ஏறியது இப்போது 40 நிமிடத்தில் நிறைந்துவிடும், அதே வேகத்தில் தீர்ந்தும்விடும். ‘கொள்ளளவுத் தேய்வு’ என்று போட்டுவிட்டோம். மின்கலத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாவது, இரவு நிறைத்து வைத்தது தொடாமலே காலையில் பாதியாக இருப்பது. நல்ல லித்தியம் மின்கலம் சும்மா கிடந்தால் மாதத்துக்குச் சில விழுக்காடுதான் இழக்கும். ஒரே இரவில் பாதி போனால் பழுது பெரும்பாலும் கருவிக்குள். சர்க்யூட்டில் திரவம் இறங்கியிருக்கும், அல்லது இழுப்பை உணரும் சென்சார் நனைந்திருக்கும். நனைந்த சென்சார் யாரும் இழுக்காமலே, திரவத்தை ஆவியாக்கும் சுருளைச் சூடாக்கும் என்பதால் அந்தக் கருவியைப் பயன்படுத்தவே கூடாது. இதற்குக் ‘கசிவு’ என்றால் திரவக் கசிவோடு குழம்பும், அதனால் ‘மின்வடிதல்’ என்று வைத்திருக்கிறோம்.

மூன்றாவதுதான் சிக்கல். திரையில் மூன்று கட்டம் சார்ஜ் இருக்கிறது. இழுத்தவுடன் சிவப்பு விளக்கு, “பேட்டரி லோ”. விட்டுவிட்டால் மறுபடியும் மூன்று கட்டம். ஆங்கிலத்தில் இது ‘வோல்டேஜ் சேக்’. தமிழில்?

ஜெலுத்தோங், பினாங்கு

அண்ணே, ‘மின்னழுத்த வீழ்ச்சி’ என்று போடுங்கள். புழக்கத்தில் உள்ள சொல், யாருக்கும் விளக்க வேண்டாம்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

‘வீழ்ச்சி’யை இங்கே செலவழித்துவிட்டால் கேபிளுக்கு என்ன சொல்வது? மெல்லிய நீளக் கேபிளில் சார்ஜர் முனையில் 5 வோல்ட் இருந்து, கருவி முனையில் 4.6தான் வருகிறது என்றால் அதுதான் வீழ்ச்சி. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். செந்தூல் அண்ணன் கேட்பது ஒரே முனைகளில், சுமை ஏறும் முன்பும் ஏறிய பின்பும் உள்ள வித்தியாசம். மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் தடை, அதாவது அகமின்தடைதான் காரணம்.

கணக்குப் போட்டால் தெளிவாகும். 18650 என்ற உருளை மின்கலம் ஒன்று மட்டும் போட்ட கருவியை 40 வாட்டில் வைத்தால், இடையில் வீணாவதையும் சேர்த்து மின்கலத்திலிருந்து ஏறக்குறைய 12 ஆம்பியர் போகும். புது மின்கலத்தின் அகமின்தடை 25 மில்லி ஓம் என்று வையுங்கள். 12-ஐ 0.025-ஆல் பெருக்கினால் 0.3 வோல்ட் இறங்கும். சும்மா இருக்கையில் 3.9 வோல்ட் என்றால் இழுக்கும்போது 3.6. கருவிக்குப் போதும். பழசாகி 80 மில்லி ஓம் ஆன மின்கலத்தில் 0.96 வோல்ட் இறங்கி 2.94-க்கு வந்துவிடும். 3.2 வோல்ட் வாக்கில் அறுத்துக்கொள்ளும்படி அமைத்த கருவி அங்கேயே நிறுத்திவிடும். வோல்ட் இறங்க இறங்கக் கருவி கூடுதல் ஆம்பியர் இழுப்பதால் நிஜத்தில் இதைவிட மோசம்.

அதே பழைய மின்கலத்தை 20 வாட்டுக்கு இறக்கினால் 6 ஆம்பியர், 0.48 வோல்ட், மிச்சம் 3.42. வேலை செய்யும். கோங் என்று தூக்கிப் போட்டது இன்னும் சில மாதம் ஓடும். இன்னொன்று: வாட் வைக்கும் கருவியில் சுருளின் ஓமை மாற்றி மின்கலத்தின் சுமையைக் குறைக்க முடியாது. வாட் எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் மின்கலம் கொடுக்கிறது. வாட் கட்டுப்பாடு இல்லாத கருவியில்தான் 0.6 ஓம் சுருளை எடுத்துவிட்டு 1.2 போட்டால் சுமை பாதியாகும்.

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

‘தொய்வு’ என்று சொல்லிப் பாருங்களேன். ஈரத் துணி போட்டால் கொடி தொய்கிறது, எடுத்தால் ஏறுகிறது. நைந்த கொடி அதே சட்டைக்கு இன்னும் ஆழமாகத் தொய்கிறது. சுமை, மீட்சி, வயது மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. ‘மின்னழுத்தத் தொய்வு’.

ஜெலுத்தோங், பினாங்கு

டீச்சர், பத்திரிகையில் “பணிகளில் தொய்வு” என்றுதானே எழுதுகிறார்கள்? படிப்பவருக்குச் சோம்பல் என்று படாதா?

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

முன்னால் மின்னழுத்தம் நிற்கும்போது யாருக்கும் சோம்பல் தோன்றாது. ‘வீழ்ச்சி’க்கும்தான் ஆட்சி வீழ்ச்சி, விலை வீழ்ச்சி என்று நூறு பொருள் இருக்கிறது.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

தொய்வு எனக்குச் சம்மதம். ஒரு தடை மட்டும். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ‘சேக்’ என்றால் வெளியிலிருந்து வரும் மின்சாரம் கண நேரம் தாழ்ந்து மீள்வது. இயந்திரங்கள் நின்றுபோகும், தயாரிப்பில் இருந்த தொகுதி வீணாகும். அங்கே ‘மின்னழுத்தத் தொய்வு’ என்றால் அதைத்தான் நினைப்பார்கள். காரணம் நம் கருவியின் சுமையாகக்கூட இருக்காது, எங்கோ கம்பியில் மரம் விழுந்திருக்கும். மின்கலத்தில் காரணம் எப்போதும் சுமைதான். பேட்டரிக் கையேட்டுக்குச் ‘சுமைத்தொய்வு’ என்று குறுக்கிவிட்டால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

செந்தூல், கோலாலம்பூர்

‘சுமைத்தொய்வு’ நன்றாக இருக்கிறது. கையேட்டில் போட்டுப் பார்த்தேன், உட்காருகிறது. சோதிக்கும் முறை இப்படி:

“மின்கலத்தை முழுதாக ஏற்றி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மல்டிமீட்டரில் பாருங்கள். 4.15-க்கு மேல் இருக்க வேண்டும். கருவியில் போட்டு, வழக்கமான வாட்டில் இழுக்கும்போது திரையில் தெரியும் பேட்டரி வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமைத்தொய்வு. மின்கலத்தைக் குறை சொல்லும் முன் தொடுமுனைகளை 70 விழுக்காட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். திரவப் பிசுக்கு படிந்த முனையும் தடைதான், அதுவும் தொய்வைக் கூட்டும். இரட்டை மின்கலக் கருவியில் ஒன்று பழசு, ஒன்று புதுசு கூடாது. பலவீனமானது முதலில் தொய்ந்து இரண்டையும் நிறுத்திவிடும்.”

மல்டிமீட்டர் ஜாலான் பசார் கடைகளில் 40 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். திரை இல்லாத போட் கருவிக்கு (திரவக் குப்பி செருகும் சிறு வேப்) வேறு வழி: 800 மில்லி ஆம்பியர் மணி, 3.7 வோல்ட் என்றால் 2.96 வாட் மணி, அதாவது ஏறக்குறைய 10,650 ஜூல். 15 வாட்டில் 3 விநாடி இழுத்தால் 45 ஜூல். வீணாவதைக் கழித்தால் 200 இழுப்பு வரவேண்டும். 80-இல் சிவப்பு எரிந்து, சார்ஜரில் போடாமல் சற்று நேரம் விட்டதும் மறுபடி இழுக்க முடிந்தால், தீரவில்லை, தொய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

ஜெலுத்தோங், பினாங்கு

சரி, சொல்லை ஒத்துக்கொள்கிறேன். சார்ஜர் பகுதியிலும் குழப்பம் இருக்கிறது. சுமைத்தொய்வு வந்தவர் முதலில் சார்ஜரைத்தான் மாற்றுகிறார். ஒரு பயனும் இல்லை.

65 வாட் லேப்டாப் சார்ஜர் வேப்பை எரித்துவிடும் என்பது பரவலான பயம். ஒழுங்கான டைப்-சி சார்ஜர் 5 வோல்ட்டில்தான் தொடங்கும். எதிர்முனை கேட்டால்தான் 9, 12 என்று ஏற்றும். கேட்காத கருவிக்கு 5-தான். ஆம்பியரும் கருவி இழுப்பதுதான், சார்ஜர் திணிப்பதில்லை. கருவியோடு வந்த கையேட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் அதையே கொடுப்பது நல்லது. மலிவான கருவியின் ஏற்றுச் சுற்றை நம்பிச் சோதனை செய்ய வேண்டாம்.

டைப்-சிக்கு டைப்-சி கேபிளில் ஏறாமல், சார்ஜர் பக்கம் பழைய செவ்வக முனை (டைப்-ஏ) உள்ள கேபிளில் ஏறினால் கருவி கெடவில்லை. துளையில் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகளைத் தயாரிப்பாளர் மிச்சம் பிடித்திருக்கிறார். அவை இல்லாவிட்டால் சார்ஜருக்கு அங்கே ஒரு கருவி இருப்பதே தெரியாது.

ஆபத்தானது பழைய பேனா வகையின் திருகு சார்ஜர். சில திருகு சார்ஜர்கள் தாமே 4.2 வோல்ட்டுக்குக் குறைத்துக் கொடுக்கும். சிலவற்றில் அந்த வேலையைக் கருவி செய்யும். மரை ஒன்றுபோல் இருப்பதால் மாற்றி மாட்டுகிறார்கள். 5 வோல்ட் நேரடியாக மின்கலத்தில் ஏறினால் தீ. அந்தந்தக் கருவியோடு வந்த சார்ஜர் மட்டுமே.

சுவரில் செருகும் அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இரண்டு முள் அடாப்டரை மூன்று துளைச் சாக்கெட்டில் பேனா முனையால் மேல் துளையை அழுத்திச் செருகும் வழக்கத்தையும் ஒரு வரி கண்டித்துவிடுங்கள். பிடி தளர்ந்து சூடாகும்.

பாயான் லெப்பாஸ், பினாங்கு

தனியாகக் கழற்றி ஏற்றும் 18650-க்கு: 2500 மில்லி ஆம்பியர் மணி என்றால் 1 ஆம்பியர் போதும், மூன்று மணி நேரம் ஆகும். 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்க் கிடந்ததை ஏற்ற முயல வேண்டாம். உறை கிழிந்திருந்தால் ஏற்றக் கூடாது. 45 டிகிரிக்கு மேல் சூட்டிலும் கூடாது. வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்ததை நேரே சார்ஜரில் போடுவதுதான் இங்கே நடக்கிறது. அரை மணி நேரம் அறைக்குள் வைத்துவிட்டுப் போடட்டும்.

சொல் பதிவில் சுமைத்தொய்வுக்கு எண் கொடுத்தால் எத்தனை வாட்டில், எவ்வளவு சார்ஜில் அளந்தது என்பதையும் கூடவே போடுங்கள். “0.5 வோல்ட் சுமைத்தொய்வு” என்று மட்டும் எழுதினால் 10 வாட்டிலா 40 வாட்டிலா என்று கேட்டுத்தான் ஆகவேண்டும். 40-இல் அது வயதான மின்கலம், 10-இல் அது தூக்கிப்போட வேண்டிய மின்கலம்.

செந்தூல், கோலாலம்பூர்

சேர்த்துவிட்டேன். ‘மின்வடிதல்’ யாருக்காவது உறுத்துகிறதா?